108 மணி நேர அருச்சனை

திருப்பதிக்குச் சென்று வந்தவர் லட்டு கொண்டு வருவார். பழனிக்குச் சென்று வந்தவர் பஞ்சாமிர்தம் கொண்டு வருவார். பல்கலைக் கழகப் பயிற்சி முகாமுக்குச் சென்று வந்த விரிவுரையாளர் என்ன கொண்டு வருகிறார்? நண்பர் ஒருவரைக் கேட்டோம். பையைத் திறந்தார். உறையிலிட்ட சான்றிதழ் ஒன்று. அனைவரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்று. முத்திரை பொறித்த குறிப்பேடு ஒன்று. முதல் நான்கு பக்கங்களில் எழுத்து, மற்றவற்றில் வெண்மை. "வகுப்பறைக்கு என்ன கொண்டு வந்தீர்?" என்றோம். சிரித்தார். "பதவி உயர்வுக்கு இது போதும், தோழரே" என்றார்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

பேராசிரியர்க்குப் பயிற்சி எதற்கு என்று கேட்பவரல்லர் நாம். ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டுமானால், அதற்கெனப் பயின்று தேறியிருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியிலும் அப்படியே. கல்லூரிக்கு மட்டும் அந்தத் தேவையில்லை! நேற்றுவரை ஆய்வேட்டில் மூழ்கியிருந்தவர், இன்று அறுபது மாணாக்கர் முன் நிற்கிறார். பொருள் தெரியும் அவருக்கு. அதைப் பிறர் உள்ளத்தில் ஊன்றும் முறை தெரியுமா? தம் ஆசிரியர் தமக்குச் செய்ததை அவரும் செய்கிறார். குறிப்பு வாசிக்கிறார்; மாணாக்கர் எழுதுகின்றனர். மணி அடிக்கிறது.

1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை இந்தக் குறையைக் கண்டது. அடுத்த ஆண்டே பல்கலைக் கழக மானியக் குழு, அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் எனப்படும் பணியாளர் கல்லூரிகளை நாடெங்கும் நிறுவத் தொடங்கியது. சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக் கழகங்களிலும் அவை வந்தன. புதிதாகப் பணியேற்றவர்க்கு நான்கு வார அறிமுகப் பயிற்சி. பணியில் இருப்பவர்க்கு மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி. நல்ல நோக்கம், நல்ல பெயர். புத்தொளி! யார்தான் வேண்டாம் என்பார்?

ஆனால், இந்தப் புத்தொளியை மானியக் குழு எப்படி அளந்தது, தெரியுமா? 18 வேலைநாள், நாளொன்றுக்கு 6 மணி. ஆக 108 மணி நேரம். கோயிலில் அருச்சனைக்கும் அதே எண்! தற்செயல்தான், மறுக்கவில்லை. ஆயினும் பொருத்தம் எவ்வளவு! அருச்சனையில் நூற்றெட்டுப் பெயரும் ஓதப்பட்டனவா என்று எண்ணுவாருண்டு. ஓதியதால் விளைந்தது என்ன என்று எண்ணுவாரில்லை. இங்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து எண்ணப்பட்டது. வகுப்பறையில் என்ன மாறியது என்று பார்க்க எவரும் பின்னால் செல்லவில்லை. இத்தனை பயிற்சி முடித்தால்தான் அடுத்த படி என்று விதியும் சேர்ந்துகொண்டது. முடிக்காதவர்க்குக் கெடு நீட்டிக்கப்பட்டதோ பலமுறை. இன்றியமையாத பயிற்சி என்றால் கெடுவை நீட்டுவானேன்?

பயனைச் சோதிக்காமல் செய்வதைச் செய்துகொண்டே இருப்பதற்கு நம் அகராதியில் சடங்கு என்று பெயர். அதை ஐயர் செய்தாலென்ன, ஆணையம் செய்தாலென்ன?

முகாமுக்குள் நடப்பதைக் கேளுங்கள். வெளியூர் வல்லுநர் வருகிறார். பொன்னாடை. அறிமுகம். "மாணவர் மையக் கற்பித்தல்" என்பது அவர் தலைப்பு. ஆசிரியர் பேசிக்கொண்டே இருக்கலாகாது, மாணவரைப் பேச வைக்கவேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் அவரே பேசிக்கொண்டிருக்கிறார்! கேட்போர் குறிப்பெழுதுகின்றனர், சிலர் விடைத்தாள் திருத்துகின்றனர். 2020இல் கொரோனா வந்தது. முகாம் கணினித் திரைக்குள் புகுந்தது. அதன்பின் கேட்கவே வேண்டாம். திரையில் பெயர் இருக்கும், முகம் இராது. அடுக்களையில் குழம்பு கொதிக்கும். அறையில் புத்தொளி ஒலிக்கும்.

குறை ஆசிரியருடையதா? அவர் மீது மட்டும் பழி போடுவது எளிது, நேர்மை ஆகாது. கையெழுத்தைக் கேட்டீர்கள், கையெழுத்தைத் தந்தார். மாற்றத்தைக் கேட்டிருந்தால் அதையும் தந்திருப்பார்.

கேட்ட இடங்களில் கிடைத்திருக்கிறது. கிரகாம் கிப்ஸ், மார்ட்டின் காஃபி என்ற ஆய்வாளர் இருவர், 8 நாடுகளில் 22 பல்கலைக் கழகங்களின் பயிற்சிகளைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டனர். பயிற்சி பெற்றவரை மட்டுமா பார்த்தனர்? பெறாதவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தனர். ஆசிரியர் சொல்வதை மட்டுமா கேட்டனர்? அவரிடம் பயிலும் மாணவரையும் கேட்டனர். மாதக் கணக்கில் நீண்ட பயிற்சி பெற்றவரிடம் முன்னேற்றம் தெரிந்தது. பெறாதவர் சிலர் இருந்த இடத்திலேயே நின்றனர். சிலர் பின்னுக்கும் சென்றனர். பயிற்சி வீண் என்போர்க்கு இது பதில். மூன்று வாரத்தில் முடித்துக் கட்டி அனுப்புவோர்க்கும் இதுவே கேள்வி.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1962 முதலே இதற்கென ஒரு மையம் உண்டு. அதன் வழக்கங்களில் ஒன்று நம்மைக் கவர்ந்தது. பருவத்தின் நடுவில் மையத்தார் ஒருவர் வகுப்புக்கு வருகிறார். ஆசிரியர் வெளியே சென்றுவிடுகிறார். எது உங்கள் படிப்புக்கு உதவுகிறது, எதை மாற்றவேண்டும் என்று மாணவரைக் கேட்கிறார் வந்தவர். அவர்கள் கூடிப் பேசிச் சொன்னதை ஆசிரியரிடம் தனியே தெரிவிக்கிறார். பொன்னாடை இல்லை. செலவும் பெரிதில்லை. நம் நாட்டில் இதைச் செய்யத் தடையாக நிற்பது பணமா? இல்லை. மாணவன் வாய் திறப்பதா என்ற பழைய மனம்! 2019இல் மானியக் குழு புதிய ஆசிரியர்க்கான பயிற்சிக்குக் கையேடு வெளியிட்டபோது இட்ட பெயர் "குரு தக்ஷதா". குருவின் திறமை என்று பொருளாம். பெயரைக் கேட்டதும் நமக்கு ஏகலைவனின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தால், குற்றம் நம்முடையதா?

பெயர் மாற்றத்தில் மட்டும் குறையே வைக்கவில்லை. பணியாளர் கல்லூரி, 2015இல் மனிதவள மேம்பாட்டு மையம் ஆனது. 2023 செப்டம்பர் 5இல் மாளவியா இயக்கம் தொடங்கியது. மையங்களும் காசி இந்துப் பல்கலைக் கழகத்தை நிறுவியவரின் பெயரைத் தாங்கின. எட்டுப் பாடப் பொருள்களுள் ஒன்று "இந்திய அறிவு மரபு". முன்னோர் கணிதமும் மருத்துவமும் வரலாறாகச் சொல்லப்படட்டும்; வரவேற்போம். ஆனால் நம் அச்சத்துக்குக் காரணமுண்டு. வைமானிக சாத்திரம் பண்டை நூலன்று, அதில் வருணிக்கப்பட்ட ஊர்திகள் பறக்கமாட்டா என்று பெங்களூர் அறிவியல் கழகத்தார் ஐவர் 1974இலேயே ஆராய்ந்து கூறினர். 2015இல், மும்பை அறிவியல் மாநாட்டு மேடையில் அதே விமானம் மீண்டும் பறந்தது! 2019இல், ஜலந்தர் மாநாட்டில், கௌரவர் நூற்றுவர் சோதனைக் குழாய்க் குழந்தைகள் என்றார் ஒருவர். அவர் யார்? ஒரு பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர்! அவருக்கு யார் தருவது புத்தொளி?

இவ்வளவும் பேசுவது யாருக்காக? கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்காக. 2021–22ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்தியாவில் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டில் 47. அந்த 47இல் எத்தனையோ பேர் தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். தமிழில் படித்துவந்து ஆங்கில விரிவுரையில் திகைப்பவர்கள். ஐயத்தைக் கேட்டால் ஏளனமாகுமோ என்று வாய் மூடி இருப்பவர்கள். கதவைத் திறந்துவிட்டோம். உள்ளே வந்தவரோடு பேசத் தெரிந்த ஆசிரியரை ஆக்கினோமா?

அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்துபவர் பெரும்பாலும் யார் என்பதையும் பாருங்கள். அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் கௌரவ விரிவுரையாளர்கள்! கௌரவம் பெயரில், கூலி மாதக் கணக்கில். பதவி உயர்வே இல்லாதவருக்குப் பதவி உயர்வுச் சான்றிதழால் என்ன பயன்? சுமையின் பெரும்பகுதி எவர் தோளில் இருக்கிறதோ, அவர் இந்த ஏற்பாட்டின் ஓரத்தில் நிற்கிறார். அலுவலகத்தார் நிலையும் அதுவே. உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒரு கட்டம் தவறினால் அந்தப் பிள்ளையின் படிப்பே தவறும். அதைத் திருத்தித்தரப் பொறுமையோடு ஒரு சொல் பேச, சன்னலுக்கு அப்பால் இருப்பவர்க்கு எவர் கற்பித்தார்?

சான்றிதழ் காட்டிச் சிரித்த நண்பரைச் சில மாதம் கழித்துச் சந்தித்தோம். எம் கேள்வி அவரை உறுத்தியிருக்கிறது. வகுப்பு முடிவில் துண்டுத்தாள் கொடுத்து, இன்று எது விளங்கவில்லை என்று பெயரிடாமல் எழுதச் சொன்னாராம். பாடத்தின் நுட்பங்களைக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கிறார். "நீங்கள் கரும்பலகையில் எழுதுவது பின்வரிசைக்குத் தெரியவில்லை, ஐயா" என்று பதினொரு தாள்கள் இருந்தன. அந்தக் கல்லூரியில் அவர் பணியேற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.