கடலுக்கடியில் கம்பி வந்தால் போதுமா?

ஜொகூரின் பிளெந்தோங்கிலிருந்து நீரிணையைக் கடந்து சிங்கப்பூரின் செனோக்கோவுக்கு மின்கம்பி போகிறது. நெருக்கடி வேளையில் இரு நாடுகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளவே அது வெகுகாலம் பயன்பட்டது. இப்போது அதற்கு வேறு வேலையும் வந்திருக்கிறது. 2022 ஜூனிலிருந்து லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியது. 2024 டிசம்பரில் மலேசியாவின் தெனாகா நேஷனல் 50 மெகாவாட் பசுமை மின்சாரத்தைச் சிங்கப்பூரின் செம்ப்கோர்ப் நிறுவனத்துக்கு விற்க ஆரம்பித்தது. தன் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் அந்தச் சின்னத் தீவு, 2035க்குள் 6,000 மெகாவாட் தூய மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்கத் திட்டமிடுகிறது. பக்கத்து வீடு இல்லாமல் அது நடக்காது.

ஜொகூரில் இருந்து இதைப் பார்க்கிறவர்களுக்கு, மதுரைக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே உயர் அழுத்த நேர்மின் கம்பி போடும் பேச்சு புதிதாகத் தோன்றாது. 2010இல் இந்தியாவும் இலங்கையும் அதற்கான முதல் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் இன்னொன்று கையெழுத்தானது. கம்பி வந்துவிட்டால் இலங்கையின் மின்துயரம் தீரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

முதலில் இலங்கை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதாக அமைச்சர் சொன்னார். நாடு முழுவதும் மின்சாரம் போனது. செய்திகள் குரங்கைச் சுற்றியே வந்தன. ஓரிடத்துக் கோளாறு தீவு முழுவதையும் ஏன் சாய்த்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2020 ஆகஸ்ட், 2021 டிசம்பர், 2023 டிசம்பர் என்று அதற்கு முன்பும் தீவு மொத்தமாக அணைந்திருக்கிறது.

அன்று விடுமுறை நாள். தேவை குறைவு, வெயில் நிறைவு. வீட்டுக் கூரைகளில் ஏறியிருக்கும் சூரியத் தகடுகளின் மொத்தத் திறன் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்ட நாடு அது. தகடுகள் நிறைய மின்சாரம் தரும்போது நீர்மின், அனல்மின் நிலையங்களின் பெரிய சுழலிகளைக் குறைத்தாக வேண்டும். அந்தச் சுழலிகளின் எடையில்தான் மின்கட்டமைப்பின் பலம் இருக்கிறது. வடத்தை விட்டதும் தேர் சட்டென்று நின்றுவிடாது. அதுபோல ஒரு நிலையம் விழுந்தாலும் மற்றச் சுழலிகளின் ஓட்டம் சில நொடிகளுக்கு அலைவெண்ணைத் தாங்கும். தகடுகளில் சுழல்வது எதுவும் இல்லை. அலைவெண் எல்லைக்குக் கீழே இறங்கினால் அவற்றின் இன்வெர்ட்டர்கள் தாமாகவே விலகிக்கொள்ள, சரிவு இன்னும் வேகமாகிறது. அன்று நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் 300 மெகாவாட் அலகுகள் மூன்றும் நின்றன. அவற்றை உடனே எழுப்ப முடியாமல் அடுத்த நாள்களில் மின்வெட்டு. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பகலில் கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. கடன் வாங்கித் தகடு போட்ட குடும்பத்திடம் வெயில் கொளுத்தும் நேரத்தில் அதை அணைத்துவிடச் சொல்வது பெரிய சுமை. அந்தச் சுமை அவர்களுடையதாக இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லையா? இருந்தது, வேறு உருவத்தில். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைகள் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய் என்று பரவின. இன்று அவற்றின் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் 2013 கடைசி வரை தென்னிந்தியக் கட்டமைப்பு வடக்கோடு ஒரே அலைவெண்ணில் ஓடவில்லை. தால்ச்சர்–கோலார் போன்ற நேர்மின் இணைப்புகள் மட்டுமே இருந்தன. அதாவது, மதுரைக் கம்பி வந்த பிறகு இலங்கை எப்படி இருக்குமோ, அன்று தெற்கு அப்படி இருந்தது.

அதில் நன்மையும் இருந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு இந்தியா மொத்தமாக இருண்டபோது தெற்கு விழவில்லை. ஆனால் அதே ஆண்டில்தான் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டில் கிடந்தது. வெளியே மின்சாரம் இருந்தும் அதைக் கொண்டுவரும் பாதை குறுகலாக இருந்தது. காற்று ஓங்கி வீசிய மாதங்களிலோ காற்றாலைகளை நிறுத்தச் சொன்னார்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதையால் தெற்கு வடக்கோடு இணைந்தது. பிறகு ராய்கர்–புகளூர் நேர்மின் பாதை வந்தது. அதன் திறன் 6,000 மெகாவாட். கம்பியின் அகலமும் உள்ளூர்ப் பாதைகளும் சேர்ந்து வளர்ந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

அளவையும் மறந்துவிடக் கூடாது. 2024 மே மாதத்தில் இந்தியாவின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. தமிழ்நாட்டினுடையது மட்டுமே 20,830. அங்கே நுரைச்சோலையைப் போல 900 மெகாவாட் விழுந்தால் தாங்கிக்கொள்ள ஆளுண்டு. உச்சத் தேவை 3,000 மெகாவாட்டை ஒட்டி நிற்கும் இலங்கைக்கு அது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு.

உற்பத்தியை நிறுத்தச் சொல்வதில் இன்னொரு வேறுபாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் சூரிய மின் உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 ஆகஸ்டில் மின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பதிவேடுகளைப் பார்த்து, கட்டமைப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் செலவைக் கருதி நிறுத்தியதற்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. அவர்கள் பெரிய நிறுவனங்கள். இலங்கையின் கூரைக்காரர்கள் வழக்காடும் வசதி இல்லாதவர்கள். அவர்களுக்கு விதி முன்கூட்டியே எழுதப்பட வேண்டும்.

சேமிப்பில் தமிழ்நாடு முந்தியது. 1980களின் இறுதியிலேயே ஆனைமலையில் கடம்பாறை நீரேற்று நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. 400 மெகாவாட் திறன். மேல் ஆழியாறு நீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்குகிறது. இலங்கையில் மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று நிலையம் வெகுநாளாகத் திட்டத்திலேயே இருக்கிறது. பேட்டரிகளுக்காவது வழி பிறந்திருக்கிறது: 2025இல் 16 இடங்களில் தலா 10 மெகாவாட் பேட்டரிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது.

சிறு தீவுகளில் இந்தியாவும் இலங்கையும் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. அந்தமானில் நெய்வேலியின் என்.எல்.சி. நிறுவனம் 20 மெகாவாட் சூரிய நிலையத்தோடு 8 மெகாவாட்-மணி பேட்டரியையும் அமைத்தது. இலங்கையின் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் இத்தகைய திட்டத்துக்கு முதலில் சீன நிறுவனம் தேர்வானது. பிறகு இந்திய நன்கொடையில் திட்டம் மாறி, 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. காற்று, வெயில், பேட்டரி, அவசரத்துக்கு டீசல் எல்லாம் ஒன்றாக. எழுவைதீவில் ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியோடு சிறிய அளவில் இதை முன்பே செய்து பார்த்தார்கள். அங்கே சேமிப்பைப் பின்னால் பார்த்துக்கொள்வோம் என்று யாரும் சொல்லவில்லை; முதல் நாளிலிருந்தே அது கணக்கில் இருந்தது. பெரிய தீவிலும் அந்த வரிசையைத்தான் பின்பற்றியிருக்க வேண்டும்.

மதுரைக் கம்பியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவ்வளவாகத் தொடாத ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரத்தில்தான் உச்சி வெயில். தென்மேற்குப் பருவக் காற்று ஆரல்வாய்மொழியில் வீசும்போது மன்னாரிலும் வீசுகிறது. இலங்கை விற்க நினைக்கும் நண்பகலில் தமிழ்நாட்டிலும் மிச்சம் இருக்கும். இலங்கைக்குத் தேவைப்படும் மாலை ஏழு மணிக்குத் தமிழ்நாட்டுக்கும் தேவைதான். வடமேற்கே குஜராத், ராஜஸ்தான் வரை கட்டமைப்பு நீள்வதால் சிறிது நேர வேறுபாடு கிடைக்கும், அவ்வளவே. எனவே கம்பிக்கான பேச்சில் மகா ஓயாவும் பேட்டரிகளும் சேர்ந்தே இடம்பெற வேண்டும். அனுராதபுரத்து முனையில் வைக்கும் கருவிகள் அலைவெண் சரியும்போது நொடிக்குள் கைகொடுக்கும் வகையாக இருக்க வேண்டும் என்பதையும் விலை பேசும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.