ருத்ராவின் உறுமலும் வேதத்தின் சுரமும்

உருத்திரன் என்னும் சொல்லுக்கு அழுபவன் என்றும் அலறுபவன் என்றும் வடமொழியாளர் பொருள் கூறுவர். 'ருத்' என்னும் வேரினின்று பிறந்த சொல் அது. சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு நம்மவருள் இளைஞர் சிலர் கூடித் தோற்றுவித்த இசைக்குழு 'ருத்ரா' என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. இப்பொருளை எண்ணித்தான் சூட்டிற்றோ, அறியோம். ஆயினும் பெயர் மிகப் பொருந்திற்று. அக்குழுவின் இசைத்தட்டை முதன்முறை கேட்பவர் அதனைப் பாட்டு என்று ஒப்புமுன் அலறல் என்றே ஒப்புவர்.

அவ்வாறு கேட்டு முகஞ்சுளித்தோருள் இக்கட்டுரையாளனும் ஒருவன். பின்னர் மீண்டும் மீண்டும் கேட்டதில் தோன்றிய சில கருத்துக்களை அன்பர் முன் வைக்கிறேன்.

முதற்கண் இவ்விசையின் பிறப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஹெவி மெட்டல் எனப்படுவது இங்கிலாந்தின் தொழில்நகரமாகிய பர்மிங்ஹாமில் பிறந்தது. பிளாக் சாபத் என்ற குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரியில் வெளியாயிற்று. அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி தகரப் பட்டறையில் வேலை செய்தவர். அங்கே இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். நுனியிழந்த விரலுக்கு நோவு குறைய நரம்புகளைத் தளர்த்திக் கட்டினார், சுருதி இறங்கிற்று, நாதம் கனத்தது. ஒரு தொழிலாளியின் ஊனத்திலிருந்து ஓர் இசை வகைக்கே உரிய குரல் வந்த கதை இது.

அக்குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாட்டு, சட்சத்தையும் பிரதி மத்திமத்தையும் அடுத்தடுத்து நிறுத்தித் தொடங்கும். இவ்விரண்டின் சேர்க்கைக்கு ஐரோப்பிய இசை நூலார் ஒரு காலத்தில் பிசாசின் பெயரை இட்டனர். நமக்கோ அது அச்சந் தருவதன்று. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் முப்பத்தாறு பிரதி மத்திமம் உடையவை. கல்யாணி அவற்றுள் ஒன்று. அவர்கள் பிசாசைக் கண்ட இடத்தில் நாம் மங்கலத்தைக் கண்டோம். கருநாடக இசையைக் காதால் அறிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த அயல் இசை அத்துணை அயலாகத் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இனி ருத்ராவின் வரலாறு. கதிர் என்பார் அடிநாதக் கிட்டாரை இசைத்துக்கொண்டே பாடுபவர். சிவா என்பார் முரசு முழக்குபவர். தொடக்கமுதல் குழுவின் தூண்கள் இவ்விருவரே. மற்றைக் கிட்டார் கலைஞர்கள் வந்தும் போயும் மாறியிருக்கின்றனர். பெருநிறுவனம் எதுவும் இவர்களைத் தாங்கிற்றில்லை. நீண்ட முடி வைத்திருந்தார்கள் என்பதற்காக லெட் செப்பலின் குழுவுக்கு 1972இல் சிங்கப்பூர் அனுமதி மறுத்ததை முதியோர் மறந்திரார். அவ்வூரில், இருபதாண்டு கழித்து, இத்தகைய இசைக்குக் கிடைத்த இடங்கள் சிலவே. குவோ பாவ் குன் 1990இல் ஆர்மீனியன் தெருவில் தொடங்கிய சப்ஸ்டேஷன் கலையகம் பெருநிறுவனச் சார்பற்ற இசைக்குழுக்கள் பலவற்றுக்குத் திண்ணையாய் இருந்தது. அக்கட்டடத்தை விட்டு அது வெளியேறியது 2021இல். கலையகம் இடம் பெயர்ந்த பின்னும் குழு நிலைத்திருந்தது. 1998இல் வந்த முதல் இசைத்தட்டு முதல் 2022இல் வந்த 'எயிட் மகாவித்யாஸ்' வரை ஒன்பது முழுத் தட்டுக்களை ருத்ரா வெளியிட்டிருக்கிறது. இலாபமற்ற தொழிலில் இத்தனை ஆண்டு நிலைத்தல் எளிதன்று.

பொருளைப் பற்றித்தான் சர்ச்சை எழும். ஸ்வீடனின் பாதரி என்னும் குழு 1988ஆம் ஆண்டளவில் தன் முன்னோரின் வடபுலத் தெய்வங்களை நோக்கித் திரும்பியது. பிரேசிலின் செபுல்தூரா 1996இல் வெளியான தன் தட்டுக்காக ஷவாந்தே என்னும் பழங்குடியினரோடு அமர்ந்து பாடியது. ருத்ரா திரும்பிய திசை வேதாந்தம். 'வேத மெட்டல்' என்றே தம் இசைக்குப் பெயரும் வைத்தனர். பாட்டுக்கள் பெரும்பாலும் ஆங்கிலம். ஊடே வடமொழி மந்திரங்கள்.

இரண்டாம் தட்டின் பெயர் 'தி ஆரியன் குருசேட்'. 2001இல் வந்தது. இப்பெயரை எம்மால் ஏற்க இயலவில்லை. ஆரியன் என்பதற்கு உயர்ந்தோன், ஆசான் என்னும் பொருள்கள் உண்டு என்பதும், மணிவாசகர் சிவபெருமானையே அச்சொல்லால் விளித்தார் என்பதும் அறிவோம். வேதாந்த நோக்குடைய குழு அப்பொருளிலேயே கொண்டிருக்கும். ஆயினும் சொல்லுக்கு அகராதியில் மட்டுமா வாழ்வு? 1929இலும் 1954இலும் பெரியார் மலாயா வந்து பேசிய பேச்சைக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஊர் இது. ஐரோப்பியர் காதிலோ அச்சொல் ஹிட்லரின் கொடுமையோடு சேர்ந்தே ஒலிக்கும். போதாக்குறைக்கு குருசேட் என்பது சிலுவைப்போர். வேதாந்திக்கு அதனோடு என்ன உறவு? உள்ளிருக்கும் பாட்டுக்கள் ஒன்று சொல்ல, அட்டை வேறொன்று சொல்லுகிறது. 2003இல் வந்த அடுத்த தட்டுக்குக் 'குருட்சேத்திரா' என்று பெயரிட்டனர். அது நேரான பெயர்.

குழுவின் பெரும்பணி என்று நாம் மதிப்பது 'பிரம்மவித்யா' என்னும் முத்தொகுதி. 'பிரைமார்டியல் ஐ' 2005, 'டிரான்ஸெண்டெண்டல் ஐ' 2009, 'இம்மார்ட்டல் ஐ' 2011. அந்த 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தை ரோம எண்ணாகக் கொண்டு முதற்பாகம் என்று மயங்குவோர் உண்டு. அது 'நான்' என்பது. ஆதியான நான், கடந்த நான், அழிவற்ற நான். ஒன்று என்று படித்தாலும் அத்துவிதிக்குப் பிழையில்லை! 2016இல் வந்த தட்டுக்கு 'இருமையின் பகை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். நம் ஊர்ச் சைவ சித்தாந்தச் செல்வர்கள் மெய்கண்டாரைக் கையிலேந்தி இங்கே வழக்காட வரலாம், வந்தால் நன்று. இந்தக் குழுவோடு தத்துவ வழக்கு ஆடலாம் என்பதே அதற்குப் பெருமை. இத்துறையில் பல குழுக்களோடு பேசுவதற்கு எலும்புக்கூடும் இரத்தமும் தவிர வேறு பொருள் இராது.

எம் உண்மையான தடை வேறு. ஸ்ரீ ருத்ரம் அமைந்திருப்பது யசுர்வேதத்தின் தைத்திரீய சாகையில். அதே சாகையின் உபநிடதம் சீட்சாவல்லியில் ஓதுவதற்கு ஆறு உறுப்பு வகுக்கிறது: வருணம், சுரம், மாத்திரை, பலம், சாமம், சந்தானம். எழுத்துப் பிறழ்ந்தாலும் எடுத்தல் படுத்தல் பிறழ்ந்தாலும் மந்திரம் மந்திரமாகாது என்பது ஓதுவோர் கொள்கை. எழுத்தின் பிறப்பிடங்களை வகுக்க நம் தொல்காப்பியரும் ஓர் இயலையே ஒதுக்கினார். டெத் மெட்டலின் உறுமல் குரலோ எழுத்தைத்தான் முதலில் விழுங்குகிறது. ககரமும் தகரமும் ஒன்றாய்க் கரைகின்றன; சுரம் அடியோடு மறைகிறது. வேதத்தைத் தலைமேல் வைத்தவர்கள் வேதம் முதன்மையாகக் கேட்பதையே கைவிடலாமா?

இவ்வினாவுக்கு நெடுநாள் விடை கிடைக்கவில்லை. பின்னர் கேட்கக் கேட்க ஒன்று புலப்பட்டது. உறுமலில் வருணமும் சுரமும் போகின்றன; மாத்திரையும் பலமும் போகவில்லை. கதிரின் குரல் குறிலையும் நெடிலையும் முரசின் அடியோடு பிசகாமல் நிறுத்துகிறது. வேதப் பாராயணமோ உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என மூன்று நிலைகளுக்குள் இயங்குவது. அகன்று விரியும் ஆலாபனை அதற்கில்லை. கிட்டாரின் குறுகிய தொடரும் இரண்டு மூன்று சுரங்களையே திரும்பத் திரும்ப உழுவது. ஆகவே பாராயணத்தை இவ்விசையில் வைத்தால் அது ஒட்டவைத்த துண்டாக நிற்பதில்லை. இரண்டும் ஓர் எலும்பின்மேல் நிற்கின்றன. மந்திரம் தெளிந்த குரலில் வரும் இடங்கள் சிறந்திருப்பதன் காரணம் இது. வடமொழித் தொடரையே உறுமும் இடங்களை இன்னும் எம்மால் மெச்ச இயலவில்லை.

தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த இயூஜீன் டைரியநாதன் 2009இல் இக்குழுவையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் ஆய்ந்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். ஆய்வுலகம் கவனித்த அளவுக்குத் தமிழ் வாசகருலகம் கவனித்ததா என்பது ஐயமே. நம் பிள்ளைகள் கிட்டார் தூக்கினால் கெட்டுப்போனார்கள் என்று முடிவுகட்டுவதில் நாம் விரைவு மிக்கவர்கள்.

தமிழ் எங்கே என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. திருத்தலையூரில் குளத்து நீரில் நின்று அல்லும் பகலும் ருத்ரம் ஓதிய உருத்திர பசுபதியாரைச் சேக்கிழார் பாடியது தமிழில். உபநிடதம் சொல்லும் அதே ஒருமையைச் சினந்து, இடித்து, முழங்கும் சந்தத்தில் சொன்னவர் சிவவாக்கியர். அவர் ஓசை ஏற்கனவே முரசோசை; அதில் குறிலும் நெடிலும் மாறிமாறி விழும் வேகத்தைச் சிவாவின் இரட்டை முரசுக்கு எந்த மாற்றமும் செய்யாமல் கொடுக்கலாம். வல்லினம் நிறைந்த அப்பாட்டில் உறுமல் விழுங்கியது போக எவ்வளவு எழுத்து மிஞ்சும் என்பதைக் காதால் கேட்டறிய ஆவல்.