ஆலயத்தில் கற்ற குரல்: நற்செய்தி இசையும் விலக்கப்பட்ட பாடகரும்

இருபதாம் நூற்றாண்டின் வெகுசன இசையைப் பற்றித் திருச்சபையினர் எழுதும்போது ஒரு குற்றச்சாட்டு அடிக்கடி எழுகிறது. ஆலயத்தில் பிறந்த இசையை உலகம் களவாடிக் கேளிக்கைக் கூடத்தில் விற்றுவிட்டது என்பதே அது. இசை வரலாற்றாசிரியர் பலரோ, ஆலயத்தின் கட்டுகளை அறுத்துக்கொண்டு இசை விடுதலை பெற்றது என்பர். இவ்விரு கூற்றுகளிலும் ஓர் உண்மை மறைந்துபோகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் நற்செய்தி இசையை உலக மேடைக்குக் கொணர்ந்தவருள் சிலர், தன்பாலீர்ப்பு உடையவர் என்பதால் தாம் வளர்ந்த சபையில் நிலைத்திருக்க இயலாமற்போனவர்கள். சபை அவர்களுடைய குரலைப் பயிற்றுவித்தது. ஆளுக்கு இடம் மறுத்தது. வெளியே சென்ற அக்குரல், தான் கற்ற இசைவடிவத்தை என்ன செய்தது? இவ்வினாவையே ஈண்டு ஆராய முற்படுகிறோம். லிட்டில் ரிச்சர்ட், சில்வெஸ்டர், கார்ல் பீன் ஆகிய மூவரின் மூன்று இசைத்தட்டுகளை இதற்கு எடுத்துக்கொள்வோம்.

1. சாட்சியும் ஆமெனும்

முதலில் நற்செய்தி இசையின் பிறப்பை நோக்குவோம். அவ்விசையின் தந்தை எனப் போற்றப்படும் தாமஸ் டார்சி, 1924 முதல் மா ரெய்னி என்னும் புகழ்பெற்ற ப்ளூஸ் பாடகியின் இசைக்குழுவை நடத்தியவர். அந்த ரெய்னியே 1928இல் 'ப்ரூவ் இட் ஆன் மீ ப்ளூஸ்' என்னும் பாடலைப் பதிவு செய்து, பெண்களின் தோழமையையே தாம் நாடுவதை ஒளிவுமறைவின்றிப் பாடினார். டார்சி 1932இல் சிகாகோவின் பில்கிரிம் பாப்திஸ்து ஆலயத்தில் பாடகர் குழுவின் தலைவரானபோது, ப்ளூஸ் இசையின் நெளிவையும் தாளத்தையும் தம்முடன் கொண்டுசென்றார். அன்று பல சபைகள் அதனை உலகியல் இசையென்று எதிர்த்தன. ஆகவே ஆலயத்தின் இசை தூயதாய்ப் பிறந்து பின்னர் வெளியே கெட்டது என்னும் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. போக்குவரவு தொடக்கத்திலேயே இருபுறமும் நிகழ்ந்தது.

இவ்விசையின் உயிர்நாடி சாட்சி பகர்தல். பாடகர் கடவுளைப் புகழ்வதோடு நில்லாமல், தாம் இன்ன நிலையில் இருந்ததையும், தமக்கு இன்னது நேர்ந்ததையும், இன்று தாம் நிற்கும் இடத்தையும் எடுத்துரைக்கிறார். அச்சாட்சியில் ஆர்ப்பரிப்பு உண்டு; உணர்ந்த அனுபவம் உண்டு; அறிக்கை உண்டு. இவற்றோடு சபையின் மறுமொழியும் சேர வேண்டும். தலைவர் ஒரு வரி பாடக் குழு எதிர்வரி பாடுவதும், அமர்ந்திருப்போர் கைதட்டி ஆமென் சொல்வதும் அலங்காரமல்ல. அம்மறுமொழியாலேயே சபை ஒருவரது சாட்சியை ஏற்றுக்கொள்கிறது. ஆமென் கிடைக்காத சாட்சி பாதியில் நின்றுவிடும். நாம் காணவிருக்கும் மூவரும் தத்தம் சாட்சிக்கு மறுமொழி தேடி அலைந்தவர்கள் என்பதே நமது துணிபு.

2. லிட்டில் ரிச்சர்ட்: சொல்லற்ற ஆர்ப்பரிப்பு

ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் 1932இல் பிறந்த ரிச்சர்ட் பென்னிமன், இளமையில் குடும்பத்தாருடன் ஆலயங்களில் பாடி வளர்ந்தவர். 1947இல் அந்நகருக்கு வந்த நற்செய்திப் பாடகி சிஸ்டர் ரோசெட்டா தார்ப் அச்சிறுவனைத் தம் மேடையில் பாடவைத்தார். 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் அவர் 'டூட்டி ஃப்ரூட்டி'யைப் பதிவு செய்தார். விடுதிகளில் அவர் பாடிவந்த மூலப்பாடல், ஆண்களின் தன்பாலுறவைக் குறித்த கொச்சையான நகைச்சுவை கொண்டது. அது வெளியிடத்தகாதது என்பதால், டாரதி லாபோஸ்ட்ரி என்னும் பாடலாசிரியை வேறு சொற்களை எழுதிக் கொடுத்தார்.

இங்குத் திறனாய்வாளர் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பாடலின் பொருள் நீக்கப்பட்டது, ஆர்ப்பரிப்பு எஞ்சியது. பொருளற்ற அசைகளும், பியானோவின் இடைவிடாத மோதலும், வரியின் இறுதியில் உச்சத்திற்குத் தாவும் கூவலுமே அப்பாடலின் ஆற்றல். அக்கூவலோ நற்செய்திப் பாடகி மரியன் வில்லியம்ஸிடமிருந்து கற்றது. பின்னர் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி அதனை ரிச்சர்டிடமிருந்து கற்றார். ஆலயத்துப் பெண் ஒருவரின் கூவல் இவ்வாறு உலகெங்கும் ஒலித்தது. ஆயினும் ரிச்சர்டின் பாடலில் சாட்சி இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல இயலாதவன் எழுப்பும் ஒலி அது.

அவரது வாழ்வும் அவ்வாறே பிளவுண்டு நின்றது. 1957இல் ஆஸ்திரேலியப் பயணத்தின் நடுவே ராக் இசையைத் துறப்பதாக அறிவித்து, அலபாமாவின் ஓக்வுட் கல்லூரியில் இறையியல் பயின்றார். 1962இல் மேடைக்குத் திரும்பினார்; 1970களின் இறுதியில் மீண்டும் துறந்தார்; பின்னர் மீண்டும் வந்தார். 1995இல் தாம் வாழ்நாள் முழுதும் தன்பாலீர்ப்பினர் என்றார். 2017இல் அதனை இயல்புக்கு மாறானது எனக் கண்டித்தார். 2020இல் அவர் மறையும் வரை இவ்விரண்டும் இணங்கவில்லை. இதனை வெறும் தடுமாற்றம் எனத் தள்ளிவிட நம்மால் இயலாது. பாடலை ஏற்று ஆளை மறுக்கும் ஒரு முடிவு, ஒரு மனிதனின் உள்ளத்தினுள் அறுபதாண்டுகள் நடத்திய வழக்கு அது.

3. சில்வெஸ்டர்: உணர்ந்த அனுபவம்

1947இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் பிறந்த சில்வெஸ்டர், பெந்தெகொஸ்தே மரபைச் சேர்ந்த 'சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட்' சபையில் பாடி வளர்ந்தார். அவரது இயல்பு வெளிப்படவே சபையாரின் வெறுப்புக்கு ஆளாகி, பதின்மூன்று வயதளவில் ஆலயத்தை விட்டு நீங்கினார். 1970இல் சான் பிரான்சிஸ்கோ சென்றார். 1978இல் அவர் வெளியிட்ட 'யூ மேக் மீ ஃபீல் (மைட்டி ரியல்)' என்னும் பாடல் டிஸ்கோ இசையின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்று.

ஜேம்ஸ் விரிக் மெட்டமைத்த இப்பாடல் முதலில் நற்செய்திச் சாயலுடன் நிதானமான நடையில் அமைந்திருந்தது. பேட்ரிக் கௌலி என்னும் மின்னிசைக் கலைஞர் சின்தசைசரின் விரைந்த துடிப்பை அதனுடன் சேர்த்தார். உடன் பாடிய மார்த்தா வாஷ், இசோரா ரோட்ஸ் ஆகிய இருவரும் நற்செய்திக் குழுவில் பாடிப் பழகியவர்கள். சில்வெஸ்டரின் உச்சக்குரலும் புதியதன்று. ஸ்வான் சில்வர்டோன்ஸ் குழுவின் கிளாட் ஜீட்டர் போன்ற நற்செய்திப் பாடகர் அத்தகைய குரலில் முன்னரே பாடியுள்ளனர். 'மெய்யானது' என்னும் பொருளுடைய 'ரியல்' என்ற சொல்லும் ஆலயத்துச் சொல்லே. கென்னத் மோரிஸ் 1944இல் இயற்றிய 'எஸ், காட் இஸ் ரியல்' கறுப்பினச் சபைகள் நன்கறிந்த பாடல். அதில் கடவுள் மெய்யென்பதற்குப் பாடகர் தரும் சான்று, தம் உள்ளத்தில் உணர்ந்ததே. சில்வெஸ்டர் அவ்வாதத்தைத் திருப்பிப்போடுகிறார். உணர்வின் ஆற்றலால் மெய்யாவது பாடகர் தாமே. உன் இருப்பே பொய்வேடம் என்று கூறப்பட்ட ஒருவர் இதைப் பாடும்போது அச்சொல்லின் எடை கூடுகிறது.

குறையும் கூறவேண்டும். நற்செய்திப் பாடல் சபையின் மூச்சோடு விரையும், தணியும். இயந்திரத் தாளமோ எவருக்காகவும் நிற்பதில்லை. பாடலின் சொற்களும் மெலிந்தவை. நடனக் கூடத்தையும் காதலரின் இல்லத்தையும் தாண்டி அவை செல்வதில்லை. எனினும் தணியாத தாளத்தின்மேல் ஏறி நிற்கும் அக்குரல், சொல் தராத பொருளைத் தந்துவிடுகிறது. ஆமென் சொல்லச் சபை இல்லாதபோது நடனக் கூடம் ஆமென் சொன்னது.

4. கார்ல் பீன்: அறிக்கை

காலத்தால் ஓராண்டு முற்பட்டதாயினும், பொருளால் மேலும் ஒருபடி சென்றது கார்ல் பீனின் பாடல். 1944இல் பால்டிமோரில் பிறந்த பீன், பாப்திஸ்து சபையில் பாடி வளர்ந்தவர். தன் இயல்பு காரணமாக இளமையிலேயே தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர். நியூயார்க்கில் அலெக்ஸ் பிராட்ஃபோர்டின் நற்செய்திக் குழுவில் தேர்ச்சி பெற்றார். 1977இல் மோட்டவுன் நிறுவனம் அவரைக் கொண்டு வெளியிட்ட 'ஐ வாஸ் பார்ன் திஸ் வே' என்னும் பாடலின் சொற்கள், ஹார்லமில் அழகு நிலையங்கள் நடத்திய பன்னி ஜோன்ஸ் எழுதியவை. வாலன்டினோ என்பவர் 1975இலேயே அதனைப் பாடியிருந்தார்.

வாலன்டினோவின் பதிவு இனிமையானது. பீனுடையதோ பிரசங்க பீடத்திலிருந்து எழுவது போன்றது. ஒரே வரியை மீண்டும் மீண்டும் அழுத்தி, ஒவ்வொரு முறையும் புதிய சுவாசத்துடன் உயர்த்துவது நற்செய்திப் பாடகரின் முறை. ஈண்டு மறைமொழி இல்லை. அசைகளுக்குள் ஒளிதல் இல்லை. இன்னார் நான் என்ற அறிக்கை வெளிப்படையாகவே கூறப்படுகிறது.

பிறப்பினால் இப்படி என்னும் வாதம் மட்டும் இறையியலுக்குப் போதாது என்பது உண்மையே. ஒருவர் மதிக்கத்தக்கவர் என்பதற்கு, அவரது இயல்பு எங்ஙனம் வந்தது என்ற காரணத்தை முதலில் நிறுவ வேண்டியதில்லை. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்பதே போதும். ஆனால் பீனின் பாடலது வலிமை அவ்வாதத்தில் இல்லை. மன்னிப்புக் கேளாத, எவரையும் பழிக்காத அக்குரலின் நிதானத்தில் இருக்கிறது. 2011இல் லேடி காகா வெளியிட்ட 'பார்ன் திஸ் வே' என்னும் பாடலுக்கு இதுவே தூண்டுதல்.

பீன் பாடலோடு நின்றுவிடவில்லை. 1980களில் லாஸ் ஏஞ்சலிஸில் 'யூனிட்டி ஃபெலோஷிப்' என்னும் சபையை நிறுவினார். எய்ட்ஸ் நோய் கறுப்பின மக்களிடையே பரவியபோது, 1985இல் அவர்களுக்கெனத் தொண்டு நிறுவனம் தொடங்கினார். 2021இல் மறையும் வரை ஆயராகப் பணிபுரிந்தார். தமது சாட்சிக்கு ஆமென் சொல்லும் சபையைத் தேடிக் காணாதவர், அத்தகைய சபையைத் தாமே கூட்டினார்.

5. மிகையின்றி மதிப்பிடல்

இம்மூவரின் தாக்கத்தை மிகைப்படுத்தலாகாது. தன்பாலீர்ப்பு எவருக்கும் நல்ல குரலைத் தந்துவிடுவதில்லை. குரலைத் தந்தது நெடிய பயிற்சி. லாபோஸ்ட்ரி, ஜோன்ஸ், வாஷ், ரோட்ஸ் ஆகிய பெண்களின்றி இவ்விசைத்தட்டுகள் இவ்வாறு அமைந்திரா. வெளிப்படையாகக் கூறாதவரின் வாழ்வைத் துருவி அவரையும் பட்டியலில் சேர்ப்பதும் முறையன்று. ரோசெட்டா தார்ப்பைப் பற்றிப் பிறர் அளித்த சாட்சியங்களை அவரது வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளார். ஆயினும் உடன் பாடிய மேரி நைட் அதனை மறுத்தார். அதனை அவ்வளவிலேயே விட்டுவிடுகிறோம்.

ஆனால் கண்முன் நிற்பதை மறைப்பதும் வரலாறாகாது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அதே நகரின் 'வேர்ஹவுஸ்' கூடத்தில், கறுப்பினத் தன்பாலீர்ப்பினர் பெருவாரியாய்க் கூடிய இடத்தில், ஃபிராங்கி நக்கிள்ஸ் வளர்த்த இசை 'ஹவுஸ்' என்னும் பெயரால் உலகெங்கும் பரவியது. அவ்விசையிலும் நற்செய்திப் பாடகரின் குரல் தொடர்ந்து ஒலிக்கிறது.

6. முடிவுரை

சில்வெஸ்டர் 1988 டிசம்பர் 16 அன்று எய்ட்ஸ் நோயினால் மறைந்தார். அடக்க ஆராதனை ஓக்லாந்தின் 'லவ் சென்டர்' ஆலயத்தில் நடந்தது. அதனை நடத்திய வால்டர் ஹாக்கின்ஸ் தாமே சிறந்த நற்செய்திப் பாடகர். பல சபைகள் அந்நோயால் இறந்தோரின் பெயரைச் சொல்லவும் கூசிய காலம் அது. சில்வெஸ்டர் தம் பாடல்களின் வருவாயை நோயுற்றோருக்குத் தொண்டு செய்யும் அமைப்புகளுக்கு எழுதிவைத்திருந்தார். சிறுவனாய் ஆலயத்தினின்று நீங்கியவர், இறுதியில் ஆலயத்தில் பாடலோடு வழியனுப்பப்பட்டார்.

கொர்நேலியுவின் வீட்டில், பேதுரு முடிவு செய்யுமுன்னரே ஆவியானவர் செயல்பட்டதைக் கண்டு அவருடன் வந்தோர் வியந்தனர். எருசலேம் சபை அதனைப் பின்னரே விசாரித்து ஒப்புக்கொண்டது. நாம் ஆராய்ந்த இசையைப் பற்றிய தீர்ப்பையும் இவ்வாறு பொறுமையாகவே வழங்கவேண்டும். ஆயர் பணிக்கு ஆயத்தமாவோர் இவ்வரலாற்றை அறிந்திருப்பது இன்றியமையாதது. நமது பாடகர் குழுவில் நிற்பவரின் குரலை ஞாயிறுதோறும் கேட்கிறோம். அக்குரலுக்கு உரியவர் தம்மைப் பற்றிய உண்மையைக் கூறும் நாளில் என்ன மறுமொழி கூறுவோம் என்பதை, அந்நாள் வருமுன்னரே நாம் சிந்தித்திருக்க வேண்டும்.