ஒரு சிற்றிதழும் ஹைக்கூவின் நெறிகளும்

1897 சனவரியில் ஜப்பானின் மட்சுயாமா நகரில் 'ஹோதோதோகிசு' என்ற சிற்றிதழ் பிறந்தது. அதை நடத்தியவர் யனகிஹாரா கியோகுதோ. அதற்கு உயிராக இருந்தவர், தோக்கியோவில் முதுகெலும்புக் காசநோயால் படுக்கையில் கிடந்த கவிஞர் மசாவோகா ஷிகி. மறு ஆண்டே இதழ் தோக்கியோவுக்குப் பெயர்ந்து, ஷிகியின் மாணவர் தகஹாமா கியோஷியின் பொறுப்புக்கு வந்தது. நவீன ஹைக்கூவின் முதன்மையான பள்ளிகளில் பல இந்த இதழுக்குள் வளர்ந்தவை. அல்லது இதனோடு மாறுபட்டுப் பிரிந்தவை.

தொடர்கவிதையின் முதற்கண்ணியாக இருந்த பாடலைத் தனித்து நிற்கும் கவிதையாக்கி, ஹைக்கூ என்ற பெயரை நிலைநாட்டியவர் ஷிகி. பழங்கவிஞர் பாஷோவைத் தெய்வமாக்கி வழிபட்டவர்களைக் கண்டித்து, இன்னொரு பழங்கவிஞரான புசோனின் பெருமையை எடுத்துரைத்தார். மேலை ஓவியக் கலையிலிருந்து அவர் பெற்ற நெறி 'ஷசெய்': கண்ணால் கண்டதை உள்ளபடி தீட்டுதல். இந்நெறி உரைநடைக்கும் பரவியது. நட்சுமே சோசெகி எழுதிய, பூனை ஒன்று கதைசொல்லும் புகழ்பெற்ற நாவல் 1905இல் தொடங்கி இந்தக் கவிதை இதழில்தான் தொடராக வந்தது.

1902இல் ஷிகி மறைந்ததும் அவருடைய முதன்மை மாணவர் இருவர் இருவேறு வழியில் சென்றார்கள். கவாஹிகாஷி ஹெகிகோதோ புதிய போக்கைத் தேடினார். அவ்வழியில் வந்த ஒகிவாரா செய்சென்சுய் 1911இல் 'சோவுன்' இதழைத் தொடங்கி, பதினேழு ஒலியலகுகளின் கட்டையும், பருவகாலத்தைச் சுட்டும் பருவச்சொல்லையும் துறந்தார். தனேதா சந்தோகா, ஒசாகி ஹோசாய் என்னும் இரு பெருங்கவிஞர்களை அந்த இதழ் தந்தது.

கியோஷியோ மரபைக் காத்தார். 5-7-5 அமைப்பு, பருவச்சொல், புறநிலைச் சித்திரிப்பு, பூவையும் புள்ளையும் பாடும் இயற்கை நெறி ஆகியவை அவர் வகுத்த அளவுகோல்கள். அவற்றை அவர் நிலைநாட்டிய இடம் வாசகர் கவிதைகளுக்கான தேர்வுப் பக்கம். நாடெங்கிலுமிருந்து குவிந்த கவிதைகளை அவரே படித்துத் தேர்ந்தார். அதில் ஒரே ஒரு கவிதை இடம்பெறுவதே பெரும்பேறாகக் கருதப்பட்டது. தேர்வும் ஒரு படைப்பே என்பது அவர் கொள்கை.

ஒருவர் கையிலிருந்த அளவுகோல் பலருக்கு நெருக்கடியும் ஆயிற்று. அகவுணர்வுக்கு இடம் வேண்டும் என்ற மிசுஹாரா ஷுவோஷி 1931இல் விலகி, 'அஷிபி' இதழை வளர்த்தார். யமகுச்சி செய்ஷியும் பின்னர் அங்கே சேர்ந்து, நகரத்தையும் எந்திரத்தையும் ஹைக்கூவுக்குள் கொண்டுவந்தார். 1933இல் தோன்றிய 'கியோதாய் ஹைக்கூ' பருவச்சொல் இல்லாத கவிதைக்கும் போரைப் பாடும் கவிதைக்கும் களம் தந்தது. 1940இல் அந்த வட்டத்துக் கவிஞர்களைக் காவல்துறை கைது செய்தது. மூன்றடிக் கவிதைக்காகவும் சிறை சென்றவர்கள் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல் குவபாரா தகேவோ என்ற அறிஞர் பெருங்கவிஞர்களின் பாடல்களையும் புதியவர்களின் பாடல்களையும் பெயரின்றிக் கலந்து வைத்து, வேறுபாடு தெரிகிறதா என்று கேட்டார். ஹைக்கூவை இரண்டாந்தரக் கலை என்றார். கவிஞர்கள் சோர்ந்து ஒதுங்கவில்லை. 1948இல் செய்ஷியின் 'தென்ரோ', 1962இல் கனேகோ தோதாவின் 'கைதெய்' எனப் புது இதழ்கள் எழுந்தன. புதுப்புது அளவுகோல்கள் பிறந்தன.

இந்த வரலாற்றில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் இதழ் உண்டு. ஒவ்வோர் இதழுக்கும் தான் எதை ஏற்கும், எதை மறுக்கும் என்பதில் தெளிவு உண்டு. எளிதாக எழுதிவிடலாம் என்று தோன்றும் வடிவத்துக்கு இந்தக் கண்டிப்புதான் காவல். அளவுகோல் மாறலாம், அதை எதிர்த்துப் போரிடலாம்; அளவுகோலே இல்லாத இடத்தில் எதிர்ப்பதற்கும் ஒன்றும் இராது.

பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோதே இவ்வடிவத்தின் சுருக்கத்தைப் போற்றினார். இன்று தமிழில் ஹைக்கூவும், அதே வடிவில் மனித இயல்பை நகைச்சுவையோடு பாடும் சென்ரியுவும் ஏராளமாக எழுதப்படுகின்றன. அவற்றை வெளியிடும் சிற்றிதழ் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வந்ததையெல்லாம் அச்சேற்றாதீர்கள். குறைவாகத் தேருங்கள், ஏன் தேர்ந்தீர்கள் என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். உங்களோடு மாறுபடுகிறவர் தனி இதழ் தொடங்கினால் அதையும் வரவேற்றுச் சந்தா கட்டுங்கள். தமிழ் ஹைக்கூவுக்கு இன்று தேவை இன்னும் பல தொகுப்புகள் அல்ல, இத்தகைய தேர்வுப் பக்கங்களே.