கேஷும் காசும்

கூடுவாஞ்சேரி ஜி.எஸ்.டி. ரோட்டில் பெரிய கடை எதில் நுழைந்தாலும் 'கேஷ்' என்று ஒரு பலகை இருக்கும். 'நம்ம காசுதான் சார், இங்கிலீஷ்ல கேஷ் ஆச்சு' என்று மார்தட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாதி உண்மை.

யூலும் பர்னெலும் தொகுத்து, 1886-ல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியைப் புரட்டுங்கள். பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். புத்தகத்தைப் பார்க்காமலே 1882-ல் போய்விட்டார். வெள்ளைக்கார எகத்தாளம் அங்கங்கே எட்டிப் பார்த்தாலும், வம்புக்கதை மாதிரி படிக்கலாம்.

ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. கடைப் பலகையில் இருப்பது, பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வாரிசு. மற்றது, போர்ச்சுகீசியர் வாய்வழியே போன நம் காசு. பழைய மதராஸில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன்.

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி... இவற்றுக்கெல்லாம் சரியான ரசீது இருக்கிறது. இல்லாத கேஷையும் சேர்த்து எழுதினால் இந்த நல்ல கணக்கும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அப்புறம், 'பரையா'. ஒதுக்கப்பட்டவன் என்று உலகமே புழங்கும் இந்த வார்த்தை, நம் ஊர்ச் சாதிப் பெயரிலிருந்து போனது. ஏற்றுமதிப் பட்டியலில் அதை மட்டும் ஏன் யாரும் படிப்பதில்லை?

வரவை எழுதிப் பற்றை மறைத்தால் அது கணக்கே இல்லை. பி.காம். படித்தவன் சொல்கிறேன்.