கட்டற்ற மென்பொருளும் முத்திரையும்

நோட்டன் பிரிட்ஜ் மலைக் கொழுந்து, தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையுடன் கடல் கடப்பதுண்டு. அது தூய இலங்கைத் தேயிலை என்பதற்கே அவ்விலச்சினை சான்று. கொழுந்து பறித்தவரின் கூலியைப் பற்றி அது பேசாது.

மென்பொருளின் மின்கையொப்பமும் இத்தகையதே. ஒப்பமிட்டவர் யார், இடைவழியில் எவரேனும் மாற்றினரா என்பதைக் காட்டும். உள்ளிருப்பது நன்றா தீதா என்று கூறாது. போலிகள் மலிந்த காலத்தில் கையொப்பம் இன்றியமையாதது என்பதை நாம் மறுக்கவில்லை. முத்திரையும் வாயிலும் ஒரே முதலாளியின் கையில் இருப்பதையே எதிர்க்கிறோம். லயத்திலிருந்து நிரல் எழுதும் நம் மாணவன், அதனை ஆப்பிள் அங்காடியில் இலவசமாக வழங்கவும் ஆண்டுக்கு 99 டொலர் செலுத்த வேண்டும்.

2010இல் தோன்றிய எப்-டிராய்ட் களஞ்சியமோ, யாவரும் படிக்கத்தக்க மூலநிரலைப் பெற்று, தானே செயலியாக்கி, ஒப்பமிட்டு வழங்குகிறது. ஐயுறுவோர் சோதித்தறியலாம். சோதிக்கும் உரிமையின்றி முத்திரையை மட்டும் நம்பச் சொல்வது பாதுகாப்பன்று, பணிவே.