அடி ஓய்ந்தாலும் வலி ஓயுமா?

எஃகுத் துண்டு ஒன்றைக் கம்பிச்சுருளுக்குள் வைத்து மின்னோட்டத்தைச் செலுத்துகிறோம். துண்டு காந்தமாகிறது. மின்னோட்டத்தை நிறுத்திய பின்னும் அதில் ஓரளவு காந்தத்தன்மை எஞ்சி நிற்கிறது. இதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். மனிதரிடமும் இதைப் போன்ற ஒன்று நிகழ்வதுண்டா?

உண்டு என்று காட்டுகிறது, 1997இல் வெளிவந்த ‘குட் வில் ஹன்ட்டிங்’ என்னும் அமெரிக்கப் படம். இயக்கியவர் கஸ் வான் சான்ட். கதை எழுதிய மாட் டாமனும் பென் அஃப்லெக்கும் அதற்காக ஆஸ்கார் விருது பெற்றனர்.

வில், பாஸ்டன் நகரில் வாழும் இருபது வயது இளைஞன். புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தரை துடைக்கும் வேலை. பேராசிரியர் லாம்போ தாழ்வாரக் கரும்பலகையில் எழுதிவைத்த கடினமான கணக்கை, யாருமறியாமல் போட்டுவிடுகிறான். அதே வில், தெருச் சண்டையில் காவலரைத் தாக்கிச் சிறைக்கும் போகிறான். தம்முடன் கணக்குப் போட வேண்டும், உளவியலாளரிடமும் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் லாம்போ அவனை வெளியே கொண்டுவருகிறார்.

வில் பெற்றோர் இல்லாதவன். வளர்ப்பு வீடுகளில் அடிபட்டவன். வளர்ப்புத் தந்தை ஸ்பானர், கம்பு, பெல்ட் மூன்றையும் மேசைமேல் வைத்து, “எது வேண்டும்?” என்பாராம். இப்போது அவனை அடிப்பார் யாருமில்லை. ஆயினும், தன்னை நேசிக்கும் ஸ்கைலரிடம் காதலே இல்லை என்று சொல்லி விலகுகிறான். பிறர் கைவிடுமுன் தானே கைவிடுவது அவன் சிறுவயதில் கற்ற தற்காப்பு.

இது வெறும் கற்பனையன்று. 1998இல் ஃபெலிட்டி, ஆண்டா முதலிய மருத்துவர்கள், கலிபோர்னியாவில் 9,500க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். குழந்தைப் பருவத்தில் நான்கு வகை அல்லது அதற்கு மேற்பட்ட கொடுமைகளுக்கு ஆளானவர்களுக்கு, எதற்கும் ஆளாகாதவர்களைவிடக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தது. ஆனால் இது கூட்டத்திற்குரிய கணக்கு. தனி ஒருவரின் ஜாதகமன்று.

இதுவரை படத்தோடு உடன்படுகிறேன். என் குறை வேறு. கணக்கு வராத வில்லாக இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பான்? சிறையிலேயே கிடந்திருப்பான்! மேதையே மீட்கத் தக்கவன் என்ற எண்ணத்தைப் படம் கேள்வி கேட்கவில்லை.

லாம்போ அவனை நம் இராமானுஜனோடு ஒப்பிடுகிறார். எங்கோ ஒரு குடிசையில், முறையான கல்வியின்றி வாழ்ந்தவராம்! இராமானுஜன் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். 1913இல் ஹார்டிக்குக் கடிதம் எழுதுமுன்பே, நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அவருக்கு மாதந்தோறும் பண உதவி செய்திருந்தார். மேதைக்கும் துணை வேண்டியிருந்தது.

ஹவாயின் காவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமையும் குடும்பச் சீர்குலைவும் சூழ்ந்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடி வளர்ந்தனர். அவர்கள் தனித்திறன் மிக்க மேதைகள் அல்லர். அக்கறையுள்ள பெரியவர் ஒருவரேனும் அவர்களுக்கு வாய்த்திருந்தார்.

ராபின் வில்லியம்ஸ் நடித்த உளவியலாளர் சீன் அத்தகையவர். குடிகாரத் தந்தையிடம் அடிபட்டு வளர்ந்தவர். “குற்றம் உன்னுடையதன்று” என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல, வில் உடைந்து அழும் காட்சியே பெரிதும் பேசப்படுகிறது. எனக்கு மற்றொரு காட்சி உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஒரு சந்திப்பு முழுவதும் வில் வாய் திறக்கவில்லை. சீனும் வற்புறுத்தாமல் காத்திருக்கிறார். எஃகின் காந்தத்தையும் இந்த முறையில் ஒரே வீச்சில் போக்குவதில்லை. மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போக்குகிறோம்.

படத்தைப் பாருங்கள். பிறகு உங்கள் வகுப்பின் கடைசிப் பெஞ்சில், எதற்கெடுத்தாலும் எரிந்துவிழும் மாணவனை நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் அவன் எதையும் எழுதிக் காட்டாமல் போகலாம். அவனுக்காகக் காத்திருக்கவும் ஒருவர் வேண்டும். ஆசிரியனாகிய எனக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.